எல்லாருக்கும் ஒரே ஸ்டைல் ஷீட்

ஒரே ஒரு வார்த்தையைச் சிவப்பாக்க மாட்டேன் என்று சொல்லி, நல்ல வாடிக்கையாளர் ஒருவரைப் படியிறங்கிப் போக வைத்த மனிதரை எனக்குத் தெரியும். வந்தவர் பூக்கடைக்காரர். தன் கடையின் இணையப் பக்கத்தில் 'மல்லிகை' என்ற சொல் மட்டும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெரிய ஆசையா அது? சொத்தையா எழுதித் தரச் சொன்னார்?

"மல்லிகைக்கு மட்டும் சிவப்புன்னா, ரோஜா என்னங்க பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார் எங்கள் ஆள். சிரிக்காமல்தான் கேட்டார்.

"அண்ணே, நமக்கு மல்லிகைதான் ஓடுது லா."

"அப்ப எல்லாப் பூவையும் சிவப்பாக்கித் தர்றேன். இல்லன்னா எல்லாம் கறுப்பு. ஒண்ணுக்கு மட்டும் முடியாதுங்க."

பூக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் வேலை, பக்கங்களைக் கட்டுவது அவர் வேலை. அவர் வேலையில் நான் தலையிட்டால் அன்று முழுக்க எனக்குப் பாடம் நடக்கும் என்பது அனுபவத்தில் கண்டது.

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. காலையில் படியேறும்போதே மல்லித்தூள் வாசம் மூக்கில் ஏறும். புடவைக்கடை, நகைக்கடை, தையல்கடை, கேட்டரிங், பலகாரக்கடை என்று லிட்டில் இந்தியாவில் பாதிப் பேருடைய இணையப் பக்கங்கள் அந்த மாடியிலிருந்துதான் வெளியே போயின. முதலாளி ஒருவர், அவர், நான், துப்புரவுக்கு வரும் ஆன்ட்டி. அவ்வளவுதான் கம்பெனி.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவரைப் புரியாது. இணையப் பக்கத்தில் எழுத்து வேறு, எழுத்தின் கோலம் வேறு. நிறம், பருமன், ஓரம், இடைவெளி எல்லாம் கோலம். அதை மூன்று இடத்தில் எழுதலாம். அந்தச் சொல்லின் பக்கத்திலேயே எழுதலாம், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் செல்லும். பக்கத்தின் தலையில் எழுதலாம், அந்த ஒரு பக்கத்துக்குச் செல்லும். அல்லது தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, எல்லாப் பக்கங்களும் அதைப் பார்த்து உடுத்திக்கொள்ளும்படி செய்யலாம். அந்தக் கோப்புக்குத்தான் ஸ்டைல் ஷீட் என்று பெயர். ஊரில் எல்லாரும் தேவைக்குத் தகுந்தபடி மூன்றையும் கலந்து எழுதுவார்கள். அவர் மூன்றாவதை மட்டும்தான் தொடுவார்.

அதிலும் அவர் பண்ணியது கொஞ்சம் அதிகம். வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு என்று வைப்பதுதான் வழக்கம். இவர் எங்கள் அத்தனை வாடிக்கையாளருக்கும் ஒரே கோப்பு வைத்திருந்தார். பெயரும் படமும்தான் கடைக்குக் கடை மாறும். "என்னண்ணே, நகைக்கடையும் இட்லிக்கடையும் ஒரே மாதிரி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, யாரும் யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல," என்பார்.

முதலாளி ஏன் பொறுத்துக்கொண்டார் என்றால், இவரால் லாபம். எல்லாரும் கைத்தொலைபேசியில் பக்கம் பார்க்க ஆரம்பித்த காலத்தில், மற்ற கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்திக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். இவர் காலையில் வந்து அந்த ஒரு கோப்பில் சில வரிகளை எழுதினார். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் கடைகள் அத்தனையும் கைக்குள் அடங்கிவிட்டன. சில பேர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "எனக்கு மாறவே இல்லையே?" என்றார்கள். "பழைய கோப்பு உங்க மெஷின்லயே தங்கிடுச்சுங்க. அதை அழிச்சுட்டு மறுபடி திறங்க, புதுசு வந்துடும்," என்று ஒவ்வொருவருக்கும் ஒரே குரலில் சொன்னார்.

அவருக்குப் பிடிக்காத சங்கதி ஒன்று உண்டு. பொதுக் கோப்பு ஒன்றைச் சொல்லி, சொல்லின் பக்கத்தில் வேறொன்று எழுதியிருந்தால், கணினி சொல்லை ஒட்டி இருப்பதைத்தான் கேட்கும். அதன் சுபாவம் அப்படி. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிவிடும். "கிட்ட நிக்கிறவன் பேச்சுதான் எடுபடுது பாத்தீங்களா," என்பார்.

கணினியோடு நின்றிருந்தால் தொழில் பிடிவாதம் என்று விட்டிருப்பேன். மனிதர் முழுக்கவே அப்படித்தான். முதலாளிக்கும் 'நீங்க', துப்புரவு ஆன்ட்டிக்கும் 'நீங்க', மாடிப்படியில் ஓடும் மளிகைக்கடைப் பிள்ளைக்கும் 'நீங்க'. பெற்ற மகள்களையே வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோப்பிக்கடைக்குப் போனால் எல்லாருக்கும் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர், வாங்கி வருவார். முதலாளிக்குச் சீனி வியாதி, ஆன்ட்டிக்குப் பால் ஆகாது. ஆகவே எல்லாரும் குடிக்கக்கூடியது அதுதான். எனக்குப் பாலும் ஆகும், சீனியும் ஆகும். அதைப் பற்றி யார் கேட்டார்கள்? எதை யார் நீட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "எல்லாருக்கும் உண்டா?"

அந்தக் கேள்வியால் நான் பிழைத்த கதையையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி எனக்குக் கழிப்பறைப் பக்கம் ஒரு மேசையைக் காட்டினார். குளிர்சாதனக் காற்று அந்த மூலைக்கு வராது. வியர்வையில் என் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இவர் வந்து என் மேசைப் பக்கம் நின்று, கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு போய் குளிர்சாதனத்தையே அணைத்துவிட்டார்.

"என்ன லா இது, வேகுது!" என்று முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"அவங்களுக்கு இல்லைங்க. அப்ப நமக்கும் வேணாம்," என்றார் இவர்.

முதலாளி திட்டிப் பார்த்தார். இவர் வியர்த்து வழிய உட்கார்ந்து தட்டிக்கொண்டேயிருந்தார். கடைசியில் என் மூலைக்கும் ஒரு குளிர்சாதனம் கொண்டுவந்து மாட்டினார்கள். கூடப் பிறந்தவன்கூட எனக்காக அப்படி வேகமாட்டான். இன்றைக்கும் குளிர்ந்த அறையில் உட்காரும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அவரிடம் எனக்குப் பயம் வந்தது ஒரு தீபாவளியில்.

வருடா வருடம் பண்டிகைக்கு முன்பு அந்தப் பொதுக் கோப்பில் அவர் சில வரிகளைச் சேர்ப்பார். எங்கள் எல்லாக் கடைகளின் பக்கங்களிலும் ஓரத்தில் விளக்கு வரிசை வந்துவிடும். அந்த வருடமும் சேர்த்தார். மறுநாள் தையல்கடை அம்மா தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சில மாதத்துக்கு முன்புதான் கணவரை இழந்தவர். கடையின் இணையப் பக்கத்தில் கணவருடைய படம் சந்தன மாலையோடு இருந்தது. அந்தப் படத்தைச் சுற்றித்தான் இப்போது விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"தம்பி, இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லப்பா. சொந்தக்காரங்க பாத்துட்டு ஒரு மாதிரி பேசுறாங்க. என் பக்கத்துல மட்டும் அந்த விளக்கை எடுத்துடுங்க," என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

இழவு வீட்டில் விளக்கேற்றி வைத்தது போல ஆகிவிட்டது. இவருக்கும் முகம் வெளிறிவிட்டது. நான் சொன்னேன்: "அண்ணே, அந்த ஒரு பக்கத்தோட தலையில ரெண்டு வரி எழுதினாப் போதுமே. விளக்கு போயிடும்."

"அவங்களுக்கு மட்டும் தனியாவா?"

"அவங்களுக்கு மட்டும்தானேண்ணே துக்கம்?"

அவர் பொதுக் கோப்பைத் திறந்து, விளக்கு வரிகளை மொத்தமாக அழித்துவிட்டார். தையல்கடையில் விளக்கு போனது. பலகாரக்கடையில் போனது, புடவைக்கடையில் போனது, நகைக்கடையில் போனது. அன்று தீபாவளிக்கு முந்தின நாள். வெளியே சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்கு, கால் வைக்க இடமில்லாத கூட்டம். எங்கள் கடைகள் மட்டும் இணையத்தில் இருண்டு கிடந்தன.

பலகாரக்கடைக்காரர் கையில் மாவோடு மாடியேறி வந்துவிட்டார். "எவன் வீட்டுல எழவு விழுந்தா எனக்கென்னய்யா?" என்று அவர் கத்தியது கீழே மளிகைக்கடை வரைக்கும் கேட்டது. முதலாளி இவரை எழுப்பி நிறுத்தி விளக்கைத் திரும்பப் போட வைத்தார். போட்டதும் தையல்கடையிலும் விளக்கு வந்துவிட்டது. இவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறையை வைத்து, அந்தப் பக்கத்தின் தலையில் ரெண்டு வரி எழுதினேன். விளக்கு போனது. தையல்கடை அம்மா நன்றி சொல்லி அழைத்தார். இவர் என்னோடு பேசச் சில வாரம் ஆனது.

அந்த அம்மாவின் மேல் அவருக்கு இரக்கம் இல்லாமலில்லை. எல்லாரையும்விட அவர்தான் அதிகம் துடித்தார். ஒருத்திக்குத் துக்கம் என்றால் ஊரே துக்கம் காக்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஒருத்தியை மட்டும் தனியாக எடுத்து வைக்க அவருக்குக் கை வரவில்லை.

அவருடைய மூத்த மகளோடு பழகிய பிறகுதான் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியையோ மாத்திரையையோ மறந்துவிட்டுப் போனால் கொண்டுவந்து கொடுப்பாள். சத்தமே இல்லாத பெண். தாய் இல்லாத வீட்டை அவள்தான் நடத்தினாள்.

இளம் வயதில் அவள் கூட வேலை பார்த்த ஒரு கத்தோலிக்கப் பையனை விரும்பியிருக்கிறாள். தமிழ்ப் பையன்தான். அப்பாவிடம் வந்து கேட்டாள். அவர் முடியாது என்றார். அந்தக் காலத்து அப்பாக்கள் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டாள். பிறகு வந்த வரன் எதுவும் அவளுக்கு ஒப்பவில்லை.

வருடங்கள் போய், சின்னவள் ஒரு சீனப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சீனப் புத்தாண்டு சமயம். பையன் அவர்கள் வழக்கப்படி இரண்டு கையிலும் ஆரஞ்சுப் பழத்தை ஏந்தி அவரிடம் கொடுத்து, தேநீர் குடித்து, குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். அவருக்கு அவனைப் பிடித்துவிட்டது. அலுவலகத்தில் என்னிடமே சொன்னார், "தங்கமான பையங்க." அப்புறம் என்ன, கல்யாணம்தானே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டேங்க," என்றார்.

"ஏண்ணே? பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"மூத்தவங்களுக்கு இல்லன்னு சொன்னதை, சின்னவங்களுக்கு எப்படிங்க உண்டுன்னு சொல்றது? அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மூத்தவளே அவரிடம் கெஞ்சினாள். "எனக்கு வருத்தமே இல்லப்பா. நான் மறந்தே போயிட்டேன். அவளுக்குப் பண்ணி வைங்கப்பா." அவர் கேட்கவில்லை. சின்னவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு செங்காங்கில் வீடு பார்த்துப் போய்விட்டாள். இவர் போகவில்லை. அந்த வருடம் வீட்டில் தீபாவளி இல்லை என்று சொல்லிவிட்டார். மூத்தவள் வாங்கி வைத்த புடவையைக்கூட உடுத்தக் கூடாது. சின்னவங்களுக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே.

"அக்கா, எனக்கு நியாயம் பண்றதா நெனச்சுக்கிட்டு இருக்காரு," என்று கோப்பிக்கடையில் மூத்தவள் ஒரு நாள் சொன்னாள். "தங்கச்சி போனது என்னாலன்னு ஆயிடுச்சு பாத்தீங்களா. நான் ஒண்ணுமே கேக்கலக்கா." எனக்கு அவரை உலுக்கிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

செங்காங்கில் பெண் குழந்தை பிறந்தது. மூத்தவள் தன் கைத்தொலைபேசியில் படத்தை வைத்துக்கொண்டு அலைந்தாள். இவர் பார்க்க மாட்டார். ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. வேலையில் தப்பு விட்டார். கேட்டதையே திரும்பக் கேட்டார். ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றார். அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் யோசனை கேட்டது அன்றுதான்.

"சட்டத்தையே மாத்திட்டா என்னங்க? ரெண்டு பேருக்கும் சேர்த்து?"

"மாத்துங்கண்ணே," என்றேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. எப்படியோ ஒரு வழியாகச் செங்காங்குக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் மூத்தவளை உட்கார வைத்து, இனிமேல் இந்த வீட்டில் யாரும் விருப்பப்பட்டவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டாள். "நான் யாரைப்பா கட்டிக்கிறது இனிமே?" என்று கேட்டாள். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தோலிக்கப் பையன் போகும் மாதா கோவிலைத் தேடிப் போய், பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் வரைக்கும் வாசலில் நின்றிருக்கிறார். திங்கட்கிழமை வந்து என்னிடம் சொன்னார்.

"பாத்தேங்க. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. சம்சாரம், ரெண்டு புள்ளைங்க. எனக்கு வணக்கம் சொன்னாரு. நல்லா இருக்காரு."

"அண்ணே, அதை விடுங்க. நீங்கதான் சட்டத்த மாத்தியாச்சே. இனிமே செங்காங் போறதுல என்ன?"

"மாத்திட்டேன். மூத்தவங்க கிட்டப் போய்ச் சேரலையே."

"நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க? பழசை அழிச்சுட்டு மறுபடி திறந்தா புதுசு வந்துடும்னு?"

"அது பக்கங்க," என்றார். "இது வருஷம்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமும் வந்தது. "அந்தக் குழந்தை என்னண்ணே பண்ணிச்சு?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, ஆன்ட்டி துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவர் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச காலத்தில் மூத்தவளும் செங்காங்குக்குப் போய்விட்டாள். தங்கை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. போகும்போது, "நீங்களும் வந்துடுங்கப்பா," என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் அவளுடைய பெட்டியை மின்தூக்கி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வந்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் அவருடைய சட்டம் இருந்தது, அவர் இருந்தார். வேறு யாரும் இல்லை.

அலுவலகத்திலும் அதே கதைதான். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆயத்தப் பக்கங்களுக்கு மாறினார்கள். கைத்தொலைபேசியிலேயே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, படத்தைப் போட்டு, மல்லிகையைச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கோலம். ஒவ்வொரு கடை போகும்போதும் அந்தப் பொதுக் கோப்பை நம்பியிருந்த பக்கங்களில் ஒன்று குறையும். கடைசியில் ஒரு பக்கமும் அதைப் பார்க்கவில்லை. அவர் அதை அப்போதும் திறந்து வைத்துக்கொண்டு, வரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளி அலுவலகத்தை மூடினார்.

மூடின வருடம், பண்டிகைக்கு முந்தின வாரம், ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. கையில் பையில் ஒரே ஒரு பொட்டலச் சாப்பாடு. செங்காங்குக்கு அதே ரயில்தான் போகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும். அது வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"சாப்பிட்டீங்களாண்ணே? மகள்கள் எப்படி?"

"நல்லா இருக்காங்கன்னு நினைக்கிறேங்க. பேத்திக்குப் பல் விழுதாம்." யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

சாலைக்கு மேலே தீபாவளி அலங்காரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். தெரு விளக்கு பொது என்பதால் பார்த்திருப்பார். என்னால் தாங்க முடியவில்லை. "தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணே," என்றேன். "காலையிலேயே வாங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி தே ஓ கோசோங்கே போட்டுத் தர்றேன்."

அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்குத் தெரிந்து அந்த முகத்தில் ஆசையைப் பார்த்தது அப்போதுதான்.

"எல்லாரையும் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "முதலாளி, ஆன்ட்டி எல்லாரும் வர்றாங்களா?"

"இல்லண்ணே. உங்களை மட்டும்தான்."

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப வேணாங்க," என்றார்.

சமிக்ஞையில் பச்சை வந்தது. நின்றிருந்த எல்லாரோடும் சேர்ந்து சாலையைக் கடந்து போனார்.